எழில் பையனா, பெண்ணா?

கேள்வி: எங்களுக்குச் சீக்கிரமே குழந்தை பிறக்கப்போகிறது. எதுவானாலும் 'எழில்' என்றே வைப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். மாமியாரோ அது ஆண் பெயர், பெண் பிறந்தால் எழிலரசி என்று வை என்கிறார். என் அம்மா, அழகைக் குறிக்கும் பெயரைப் போய் பையனுக்கு வைப்பாயா என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சம்பந்திகள் இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, இரண்டுமே சரியில்லை. எழில் என்றால் அழகு. அன்பு, தமிழ், மதி, மலர் மாதிரி அதற்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது; 'அன்' சேர்த்தால் எழிலன், 'அரசி' சேர்த்தால் எழிலரசி, ஒன்றும் சேர்க்காமல் விட்டால் யாருக்கும் வைக்கலாம். அழகைச் சொல்லும் பெயர் பையனுக்கு ஆகாது என்றால் முருகனை என்ன செய்வது? முருகு என்றாலே அழகுதானே! அழகர், சுந்தரம், சொக்கன் எல்லாம் அதே கதைதான். பெண் பிறந்து, மாமியாரையும் கொஞ்சம் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் 'எழிலி' இருக்கிறது. ஆனால் அது எழிலின் பெண்பால் இல்லை, மேகம் என்று அர்த்தம், 17ஆவது குறளில் வருகிற எழிலி. எனக்கென்னவோ இதுவே அதிகம் பிடித்திருக்கிறது, சரி, அது உங்கள் பாடு.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. எழில் வந்தான், எழில் வந்தாள் என்று வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் மரியாதையாக 'வந்தார்' என்றாலோ, இனிஷியலோடு வெறும் பெயரைக் காகிதத்தில் பார்த்தாலோ ஒன்றும் தெரியாது. 'மதி' என்று கையெழுத்திட்டு வந்த ஒரு கடிதத்துக்கு நான் ஒருமுறை 'அன்புச் சகோதரரே' என்று பதில் எழுதிவிட்டேன், அடுத்த கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறி போட்டு 'பெண்' என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டு அனுப்பியிருந்தார். உங்கள் குழந்தையும் இப்படி நாலு பேருக்கு அடிக்கோடு போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகள் பெயர் நிகிதா. ரஷ்யாவில் அது ஆண் பெயராம், கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள். நிஜமா?

பதில்: நிஜம்தான். சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவ் ஆண்தானே. ஆனால் இங்கே வைப்பது சமஸ்கிருதவழிப் பெயர், ஒலி ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இதேபோல ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண் பெயர், வேறு பல நாடுகளில் பெண் பெயர். 'ஆ' என்று முடிந்தால் பெண் பெயர் என்பதும் சும்மா. உமாவும் ஜெயாவும் பெண்கள், ராஜாவும் சூர்யாவும்? கேலி செய்கிறவர்களில் ஒரு சூர்யாவாவது இருப்பான், அவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரண் என்பது ஆண் பெயரா, பெண் பெயரா?

பதில்: கிரண் பேடி போலீஸ் அதிகாரியாக இருந்தவர், பெண். கிரண் மோரே முன்னாள் விக்கெட் கீப்பர், ஆண். கிரணம் என்றால் கதிர், அது யார் மேலும் விழும்.