வீட்டில் செய்த குழம்பு, கூட்டு, பொரியலை ஃப்ரீசரில் வைத்து இரண்டு வாரம் சாப்பிடலாமா? உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

சாப்பிடலாம். நாலு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்று ராத்திரி உட்பட. பதில் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் ஊரில் குடும்பம், வெளியூரில் வேலை என்று டப்பாவும் கையுமாக அலைகிற ஆள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் தெரிகிறார்கள்.

வங்கி வேலை எனக்கு. வீடு பாளையங்கோட்டையில், நான் தாம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில். பையன் எட்டாவது படிக்கும்போது வந்த மாற்றல், பிளஸ் டூ முடிகிற வரை அவர்களை அசைக்க முடியாது. 2-வது, 4-வது சனிக்கிழமை லீவு. வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் ஞாயிறு ராத்திரி திரும்பவும் ரயில். திரும்பும்போது காலடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் ஊசியோடு வருமே, அந்த ஜெல் பாக்கெட் நாலைந்தைச் சேர்த்து வைத்து ஃப்ரீசரில் உறைய விட்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள் என் மனைவி. நடுவில் குழம்புப் பொட்டலங்கள், சுற்றிலும் தினசரித் தாள், மேலே ஒரு பழைய போர்வை. பதினோரு மணி நேரம் கழித்துத் தாம்பரத்தில் திறந்தால் முக்கால்வாசி கல்லாகவே இருக்கும். கல்லாக இருப்பது நேரே ஃப்ரீசருக்கு. லேசாக இளகியது ஃப்ரீசருக்கு வெளியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, அதை இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

ஆபீஸில் எனக்குப் பேரே ‘ஐஸ் குழம்பு’. வைத்தவர் தினமும் மதியம் ஹோட்டலில் சாப்பிடுகிறவர். அங்கே அந்த கிரேவியை எந்தக் கிழமை அரைத்தார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து நிற்பார்கள். ‘பொண்டாட்டியைச் சனிக்கிழமையும் அடுப்படியில் நிற்க வைக்கிறாயே’ என்று. அரைப்பது, நறுக்குவது, தேங்காய் துருவுவது மூன்றும் நான்தான். தாளிப்பது மட்டும் அவள், என் தாளிப்பில் கடுகு கருகிவிடுகிறதாம். சோறு, ரசம் இரண்டையும் இங்கே நானே அன்றன்றைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சரி, விஷயம். குழம்பைச் சட்டியோடு ஆற விட்டால் ராத்திரி முழுக்க ஆறும், கெடுவதற்கு வேண்டியது அதுதான். அவள் அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி, அதைத் தண்ணீர் ஊற்றிய இன்னொரு பெரிய தட்டில் வைத்து, மேலே ஃபேனைப் போட்டுவிடுவாள். ஆறியதும் ஒரு வேளைக்கு ஒன்றாக ஜிப் கவரில் ஊற்றி, உள்ளங்கையால் காற்றை நீவி எடுத்து, தோசை மாதிரி தட்டையாகப் படுக்க வைப்பாள். மேலே மார்க்கரில் ‘வ.கு. 8/6’ என்று இருக்கும், வத்தக்குழம்பு. அடுப்பிலிருந்து இறக்கி 2 மணி நேரத்துக்குள் எல்லாம் ஃப்ரீசருக்குள் போய்விடும். தட்டையாக வைத்தால் சீக்கிரம் உறையும். மெதுவாக உறைகிற காய்கறிக்குள் ஐஸ் பெரிய பெரிய ஊசியாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும், இளகும்போது தண்ணீராக விடும். பொரியல் சொதசொதவென்று ஆவது இதனால்தான்.

புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, கறிக்குழம்பு, கொண்டைக்கடலை, தட்டப்பயறு எல்லாம் ஃப்ரீசருக்கென்றே பிறந்தவை. உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும். முட்டைக்கோஸ் பொரியலை வைத்து ஒரு தடவை சாப்பிட்டேன், அத்தோடு சரி. மோர்க்குழம்பு திரியும். பீன்ஸைத் தேங்காய் போடாமல் அரைவேக்காட்டில் வைத்து, இங்கே வந்து, இளக விடாமல் அப்படியே காய்ந்த சட்டியில் போட்டு, மூடாமல் நீர் வற்றப் புரட்டிவிட்டுக் கடைசியில் தேங்காய் தூவினால் மோசமில்லை. அருமை என்று சொல்ல மாட்டேன்.

சொதிதான் என்னை அழவைத்தது. திருநெல்வேலிக்காரனுக்குச் சொதி என்றால் என்ன என்று விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. முதல் வருஷம் என் பிறந்தநாளுக்கென்று முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் எடுத்துச் செய்து, உறைய வைத்துக் கொடுத்தனுப்பினாள். இங்கே சூடாக்கினால் மேலே எண்ணெய், நடுவில் வெளிறிய தண்ணீர், அடியில் திரித்திரியாகத் தேங்காய்ப்பால். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கரண்டியால் அடித்தும் பார்த்தேன், சேரவில்லை. இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு அதையேதான் சாப்பிட்டேன். போனில் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அடுத்த தடவையும் சொதி வந்தது.

கெடுதலா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். டாக்டர் இல்லை நான், கணக்குப் பார்க்கிறவன். ஆனால் இதில் அடிபட்டவன். ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் தூங்கிக்கொண்டே இருக்கும் வரை பயமில்லை, நாளாக ஆகச் சுவைதான் குறையும். எழுந்தால்தான் வினை.

இரண்டு வருஷம் முன்பு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஃப்ரீசரில் ஏழு பொட்டலம் மீதம் இருந்தது. திரும்பி வந்து திறந்தால் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழும் கல்லாக இருக்கிறது. ஒன்றை இழுத்தேன், வரவில்லை. கம்பித்தட்டில் தட்டையாகப் படுத்திருந்த பொட்டலம் கம்பிகளுக்கு நடுவில் தொய்ந்து இறங்கி, அப்படியே மறுபடி உறைந்திருந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் வரிவரியாகக் கம்பி அச்சு. தட்டுக்குக் கீழே செக்கச்செவேலென்று ஒரு ஐஸ் பாளம்.

கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன். “நாங்களும் ஊருக்குப் போனோம் சார், சேஃப்டிக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனேன், முந்தாநேத்துதான் போட்டேன்” என்றார். நாலு நாள்! நிறைய அடைத்த ஃப்ரீசரே, கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம்தான் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஏழு பொட்டலம் எம்மாத்திரம்? “நல்லா கொதிக்க வச்சா எல்லாம் போயிடும் சார்” என்று ஆறுதல் வேறு. போகாது. கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கி வைத்த விஷம் கொதித்தாலும் போகாது.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஒன்றை இளக்கி முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனைதான் வந்தது, அதுதான் கொடுமை. கறிக்குழம்பு. வீட்டுக்குப் போன் போட்டேன். “சவத்தத் தூரப் போடுங்க. மோந்து பாத்துக்கிட்டு நிக்காதீங்க” என்றாள். போட்டேன்.

ஹவுஸ் ஓனரிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் கரண்ட் பில்லையும் சேர்த்துப் பேசியிருப்பேன். 100 யூனிட் இலவசம் அவர் பெயரில் இருக்கிற இணைப்புக்கு, எனக்கோ சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். தண்ணீர் மோட்டாருக்குத் தனி. வருஷா வருஷம் வாடகை ஏற்றுகிறவர் மாடிப்படி விளக்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. இதைக் கேட்டால் “உங்க ஃப்ரிட்ஜ்தான் சார் இழுக்குது” என்பார்.

அதற்குப் பிறகு ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன். காசு மேலேயே இருந்தால் சாப்பாடு, உள்ளே இறங்கியிருந்தால் குப்பை.

சூடாக்குவது பற்றி: முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், வெளியே வைத்து இளக்காதீர்கள். காலையில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, நடுவிலும் தளதளவென்று கொதிக்கும் வரை அடுப்பில் இருக்கட்டும். ஆபீஸ் மைக்ரோவேவ் என்றால் பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள், ஓரம் கொதித்து நடு ஐஸாக இருக்கும். ஒரு தடவை சூடாக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் புதிதாகத் தாளித்துக் கொட்டினால் நேற்று வைத்த குழம்பு மாதிரி இருக்கும். கண்ணாடி பாட்டிலில் வைப்பதானால் வாய் வரை ஊற்றாதீர்கள், குழம்பு உறையும்போது உப்பி வெடிக்கும். ஒரு தடவை வெடித்து, நார்த்தங்காய் ஊறுகாய் வந்த பாட்டில் ஒன்று போனது.

சொதியை மட்டும் ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.