வயிறு நிறைந்தும் வளராத பிள்ளை

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். புரதம், இரும்புச்சத்து என்று படம் காட்டி மாதந்தோறும் தாய்மார்களுக்கு விளக்குகிறேன். தலையாட்டுகிறார்கள், மறுநாளும் குழந்தைக்கு டீயும் பிஸ்கட்டும்தான். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அவர்களுக்குப் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. காலை 7 மணிக்கே களையெடுக்கவோ சித்தாள் வேலைக்கோ கிளம்பும் பெண், பிள்ளையை மாமியாரிடம் விட்டுச் செல்கிறார். அழும் பிள்ளையை அடுப்பு மூட்டாமல் அமர்த்த அந்த மூதாட்டிக்குக் கைகொடுப்பது 5 ரூபாய் பிஸ்கட்தான். ஆகவே உண்மையில் ஊட்டுகிற பாட்டியையும் அழையுங்கள். கூலி போகாதபடி, சத்துமாவு வாங்க வரும் நாளிலேயே பேசுங்கள்.

சத்துகளின் பெயர்களை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு உணவு கெட்டியாக இருக்க வேண்டும். 8 மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு டம்ளர்தான் கொள்ளும் என்பதால், அதைப் பருப்புத் தண்ணீராலும் நீர்த்த கஞ்சியாலும் நிரப்பிவிட்டால் வளர்ச்சிக்கு வேண்டிய உணவுக்கு இடமே இருக்காது. (பருப்பின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஏழை வீடுகளில் மட்டும் இல்லை, படித்தவர் வீடுகளிலும் உண்டு.)

இதை வாயால் சொல்லாமல் மையத்து அடுப்பில் செய்து காட்டுங்கள். ரேஷன் அரிசியையும், அங்கேயே கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் குழைய வேகவைத்து, ஒரு பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மசித்து, ஒரு தேக்கரண்டி ரேஷன் பாமாயிலை விடுங்கள். அந்த 5 மில்லி எண்ணெய் மட்டுமே சுமார் 45 கலோரி தரும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிறதா என்று ஒவ்வொருவரும் தம் கையாலேயே பார்க்கட்டும். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை, அதன்பின் 3, 4 வேளை. தாய்ப்பால் 2 வயதுவரையாவது தொடரட்டும்.

டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்கவிடாது. அதற்காக அதட்டினால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். பிஸ்கட் வாங்கும் காசில் ஒரு வாழைப்பழம் வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவை மூத்த பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பங்கிட்டால் அது குற்றமன்று, பசி. ஆனால் சின்னதின் பங்கை முதலில் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கச் சொல்லலாம்.

அடுத்த மாதம் எடை ஏறிய பிள்ளையின் தாய் ஒருவரைக் கூட்டத்தில் பேசவிட்டு, நீங்கள் ஓரமாக உட்காருங்கள். தொடர்ந்து 2 மாதம் எடை ஏறாத குழந்தையை மட்டும் காத்திருக்க வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.