கடைத் தராசும் கல்லறைத் தோட்டமும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அப்பா நாற்பது ஆண்டு நடத்திய மளிகைக் கடையை இப்போது நான் நடத்தி வருகிறேன். கடந்த ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இவ்வுலகில் நாம் பரதேசிகள், நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்று அடக்க ஆராதனையில் போதகர் சொன்னது ஆறுதலாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது. காலை ஐந்தரை மணி முதல் இரவு பத்து மணி வரை பருப்பும் புளியும் நிறுத்துக்கொண்டிருக்கிற நான் சீஷனாக வாழ்வது எப்படி? அப்பா இப்போது எங்கே இருக்கிறார்? அவருடைய கடன் நோட்டில் ஒரு விதவைத் தாயின் பேரில் 3,400 ரூபாய் பாக்கி நிற்கிறது. அவர் எங்கள் தெருவழியாக வருவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, அப்பாவைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மரணத்துக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட நிலையைப் பற்றி வேதம் சொல்வது கொஞ்சம்தான். தம்முடன் சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடம், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. தேகத்தைவிட்டுப் பிரிவது கிறிஸ்துவுடனேகூட இருப்பது என்று பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதினார் அப்போஸ்தலர் பவுல். கத்தோலிக்கர் மரித்தோருக்காக ஜெபிக்கிறார்கள், சீர்திருத்த சபையார் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும், மரித்தவர் கிறிஸ்துவின் கையில் இருக்கிறார் என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகிறார்கள். உங்கள் அப்பாவும் அந்தக் கையில்தான் இருக்கிறார்.

ஆயினும் நம்முடைய நம்பிக்கை அதோடு முடிவதில்லை. ஞாயிறுதோறும் ஆராதனையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது ஆத்துமா தப்பித்துப் போவதை அல்ல, சரீரம் உயிர்த்தெழுவதை. இந்த ஒரு சொல்லை நாம் வாயால் சொல்லிவிட்டு மனதால் தாண்டிப் போய்விடுகிறோம் என்பது என் நெடுநாளைய வருத்தம். உடம்பு வெறும் கூடு, உலகம் வெறும் சத்திரம் என்றே நினைத்துப் பழகிவிட்டால், கடையில் கழிகிற பதினாறு மணி நேரமும் வீண் என்றுதான் தோன்றும்.

கொரிந்துவைப் பாருங்கள். அந்த வணிக நகரத்தில் பவுல் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கியிருந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரோடு சேர்ந்து கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்தார். தோலோ முரட்டுத் துணியோ, ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. பிற்பாடு அந்தச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், 58 வசனங்களில், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் வாதாடுகிறார். விதை, எக்காளம், தோற்றுப்போன மரணம் என்று உயர உயரப் போய், கடைசியில் "ஆகையால்" என்று திரும்பி, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது, அதாவது வீணாகாது என்கிறார். இன்று 16ஆம் அதிகாரமாகத் தொடங்கும் அடுத்த வரியிலேயே, எருசலேமின் ஏழைகளுக்காக வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாகப் பணம் சேர்த்துவையுங்கள் என்று தொடங்குகிறார். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கடிதத்தில் எக்காளத்துக்கும் காணிக்கைக் காசுக்கும் நடுவே இடைவெளி இருந்திருக்காது.

இதை வைத்தே உங்கள் கடையைப் பார்க்கிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்கிறது நீதிமொழிகள். சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். இன்றைக்கு நிறைகல்லின் இடத்தில் மின்னணுத் தராசு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தட்டில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்து, எண் பூச்சியத்துக்கு வந்த பிறகு அடுத்தவருக்கு நிறுப்பது, எண்ணெய் அளக்கும்போது கடைசிச் சொட்டு வடியும் வரை காத்திருப்பது, படிக்கத் தெரியாத பாட்டியிடமும் கணக்கை வாய்விட்டுச் சொல்வது, இவையெல்லாம் ஊழியத்துக்கு இடைஞ்சலான வேலைகள் அல்ல, அவையே ஊழியம். "சிலுவையை அனுதினமும்" எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர். அந்த "அனுதினமும்" என்ற சொல் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. கடைக்காரரான உங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கடன் நோட்டைப் பற்றி. கொடுக்க வசதியுள்ளவரிடம் பாக்கியைக் கேட்பது பாவமல்ல. கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். அந்தத் தாயின் நிலை வேறு. அவர் தெருவை மாற்றிக்கொண்டது ஏமாற்றுவதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுக்க முடியாத வெட்கம்தான் அது. அவராக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு ஞாயிறு மாலையில் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். கணக்கை அப்பாவே முடித்துவிட்டார் என்று பொய் சொல்லவும் வேண்டாம். "அம்மா, அந்தப் பணத்தை நாங்கள் விட்டுவிட்டோம், நீங்கள் பழையபடி கடைக்கு வர வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் தரும் காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கையெழுத்தில் இருக்கும் அந்த வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள்.