பதில் சரிதான், புரிந்துதான் சொல்கிறதா?

கேள்வி: உரையாடல் மென்பொருளிடம் எந்தப் புதிரைக் கேட்டாலும் விடை சொல்லிவிடுகிறது. யோசித்துச் சொல்கிறதா, மனப்பாடமா? நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் பேச்சின் சரளத்தை வைத்து எடை போடாதீர்கள். எழுத்து வழியே உரையாடும் நடுவரால் மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறிய முடிகிறதா என்று பார்ப்பதுதான் 1950-இல் கணித அறிஞர் ஆலன் டூரிங் சொன்ன சோதனை. 1966-இல் வந்த எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போட்ட சின்ன நிரல். அது தங்களைப் புரிந்துகொண்டதாகவே பலர் நம்பிவிட்டார்கள். நாம் ஏமாறுவது இயந்திரத்தின் அறிவுக்குச் சான்றாகாது.

பழகாத கேள்வியில்தான் குட்டு உடையும். புலி, ஆடு, புல்லுக்கட்டுப் புதிரையே எடுங்கள். ஒரு நடைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம் என்றால் ஆற்றை ஏழு முறை கடக்க வேண்டும். இந்த விடை எத்தனையோ இடங்களில் எழுதப்பட்டிருப்பதால், இதைச் சொல்வது பெரிய விஷயமல்ல. ஒரே ஒரு நிபந்தனையை மாற்றுங்கள்: "மூன்றையும் சேர்த்தே ஏற்றலாம்." இப்போது ஒரு நடை போதும். அப்போதும் "முதலில் ஆட்டை அக்கரையில் விட வேண்டும்" என்று தொடங்கினால், அது உங்கள் கேள்விக்கு அல்ல, பழைய புதிருக்குப் பதில் சொல்கிறது.

ஒரு தடவை தேறினாலும் தவறினாலும் முடிவு கட்டாதீர்கள். பெயர், எண், வாக்கிய வரிசை மாற்றிப் பத்து வடிவங்கள் எழுதுங்கள். இரண்டு மூன்றில் தேவையில்லாத தகவலும் சேருங்கள். ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில் கேளுங்கள். இல்லாவிட்டால் முந்தைய பதில் அடுத்ததைப் பாதிக்கும். மூலப் புதிரையும் பத்து முறை கேளுங்கள். அதில் பத்துக்குப் பத்து, மாற்றியதில் நாலு என்றால் மனப்பாடத்தின் பங்கு பெரிது. அதே கேள்விகளை ஒரு மனிதரிடமும் கொடுங்கள்; அவரும் தடுமாறினால் கோளாறு கேள்வியில் இருக்கலாம்.

துப்புக் கொடுத்துவிடக் கூடாது. பெர்லினில் கணக்குப் போட்டுப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவருக்கே விடை தெரியாதபோது தவறியதை உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் காட்டினார். கேட்பவரின் நுண்ணிய உடலசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. "இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனி" என்று நீங்கள் எழுதுவதும் அதே உடலசைவுதான்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு வரும் விளக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அதுவும் உருவாக்கப்பட்ட உரைதான். விடை வந்த வழியும் அதுவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் தேறினால், அந்தவகைக் கேள்விகளில் புதியதையும் சமாளிக்கிறது என்று துணிந்து சொல்லலாம். உள்ளே உண்மையான புரிதல் உண்டா என்று 1980-இல் தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் எழுப்பிய கேள்வியை இந்தச் சோதனை தீர்க்காது. எழுதிய கேள்விகளை இணையத்தில் போட்டுவிடாதீர்கள். மென்பொருளைப் பயிற்றுவிக்கும் உரைத் தொகுப்பில் சேர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பைச் சோதிக்க அவை உதவா.