சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய் லித்தியத்தை ஏற்றிவிடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பைபோலார் (மனம் மாறி மாறி மிகையான எழுச்சிக்கும் சோர்வுக்கும் போகும் நோய்) என்று சொல்லி ஒன்பது ஆண்டுகளாக லித்தியம் 400 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறார். கை லேசாக நடுங்குகிறது. எப்போதும் தாகம், இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர். எடை கூடிவிட்டது, முடி கொட்டுகிறது. லித்தியம் சிறுநீரகத்தை அழித்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன மாதம் சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்த்த கிரியாட்டினின் 1.1. லித்தியம் அளவு பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. பயத்தில் சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மூட்டு வலிக்கு அவரே கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். மே கடைசியில் ரயிலில் ஊருக்குப் போகிறோம். மருந்தை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, ஆர்.கே. புரம், புதுதில்லி

பதில்: நிறுத்த வேண்டாம். இந்த வாரமே லித்தியம் அளவு பாருங்கள். உப்பு விஷயத்தையும் அவருடைய மனநல மருத்துவரிடம் சொல்லிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

லித்தியத்தைச் சிறுநீரகம் கிட்டத்தட்டச் சோடியம் போலவே கையாள்கிறது. உடம்பில் சோடியம் குறைந்தால் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். மாத்திரையின் அளவு மாறாது, ரத்தத்தில் லித்தியம் மட்டும் ஏறும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று நீங்கள் குறைத்த உப்பு செய்வது இதைத்தான். அதற்காக ஊறுகாயும் அப்பளமுமாக உப்பைக் கூட்டவும் வேண்டாம், அப்போது அளவு இறங்கி நோய் தலைகாட்டும். ஒன்பது வருடமாக என்ன சாப்பிட்டாரோ அதுவே போதும்.

அடுத்தது அந்த மூட்டு வலி மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாமே லித்தியம் வெளியேறுவதைத் தடுப்பவை. கடைக்காரர் ‘பாராசிட்டமால்தான்’ என்று சொல்லித் தருகிற பட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாதி நேரம் கூடவே அசிக்ளோஃபெனாக் இருக்கும். வலிக்குத் தனிப் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்றவற்றை யாராவது எழுதினால், குறிப்பாகப் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ போட்ட மாத்திரையாக இருந்தால், லித்தியம் சாப்பிடுகிறார் என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ‘ஹெச்’ சிறுநீரைப் பெருக்கும் மருந்து. ஊரிலிருந்து யாராவது சிறுநீரகத்தைக் கழுவும் கஷாயம் அனுப்பினால் நன்றி சொல்லி அலமாரியில் வையுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகள் லித்தியம் சாப்பிட்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைவது உண்மை. அது பெரும்பாலும் மெல்ல, வருடக்கணக்கில் நடக்கும். ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரியும். டயாலிசிஸ் வரை போகிறவர்கள் மிகச் சிலர். 46 வயது ஆணுக்கு 1.1 என்பது பயப்படும் எண் அல்ல. அந்த வீடியோ சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: லித்தியம் திடீரென ஏறி நஞ்சாகிற ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் அடிவாங்குகிறது. ஆகவே நீங்கள் காவல் காக்க வேண்டியது அந்தத் திடீர் ஏற்றத்தை.

அது வருவதை வீட்டில் இருப்பவர்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். நீங்கள் எழுதியிருக்கிற லேசான கை நடுக்கம் வேறு. காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை உதறுவது, நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சு குழறுவது, கூடவே வாந்தி, பேதி, பகலிலும் தூக்கக் கலக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்றால் அது வேறு. பிந்தைய கூட்டத்தில் எது தெரிந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எய்ம்ஸோ சஃப்தர்ஜங்கோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே. போனதும் ‘லித்தியம் சாப்பிடுகிறார், லித்தியம் அளவும் கிரியாட்டினினும் சோடியமும் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெயில், ஃபுட் பாய்சன், குடித்திருக்கிறார் என்று ஆளுக்கொன்று நினைப்பார்கள். பொதுவாக லித்தியம் அளவு 1.5-க்கு மேல் போனால் ஆபத்து என்று எழுதியிருக்கும். நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அதற்குக் கீழேயே நஞ்சின் அறிகுறிகள் வரலாம், எனவே எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் ஆளைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் சிறுமூளை பாதிக்கப்பட்டு, லித்தியம் இறங்கிய பிறகும் தள்ளாட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடுவதுண்டு.

தில்லியின் மே மாதம் இதற்கு மிகவும் தோதான காலம். 45 டிகிரியில் வேர்வையோடு உப்பும் நீரும் போகும்; இடையில் ஒரு நாள் பேதி வந்தால் போதும். வாந்தி பேதியோ கடும் காய்ச்சலோ வந்தால் அன்றைய லித்தியத்தை நிறுத்திவைத்துவிட்டு மனநல மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள். மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். ரயிலிலும் கவனம் தேவை. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று இவரைப் போன்றவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். நாக்பூர் வெயிலில் அது கூடவே கூடாது. கழிப்பறைக்குப் பக்கத்துப் படுக்கை கிடைத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி முருகன் கோயிலான மலை மந்திரில் சஷ்டி விரதம் இருக்கிற வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். தாகமும் சிறுநீரும் பெரும்பாலும் லித்தியத்தால்தான், ஆனால் ஒரு முறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். முழு அளவையும் இரவு ஒரே வேளையாக மாற்றினால் பலருக்குச் சிறுநீர்த் தொல்லை குறைகிறது. மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். தாகத்துக்குக் கோலாவும் சர்க்கரை போட்ட ஷிக்கஞ்சியும் (எலுமிச்சைச் சாறு) குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். தண்ணீரும் மோரும் குடிக்கட்டும். முடி கொட்டுவதற்கு எண்ணெய் தேடும் முன் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை பாருங்கள். லித்தியம் தைராய்டைக் குறைப்பது சாதாரணம், தைராக்சின் மாத்திரையில் சரியாகும், எடையும் கொஞ்சம் இறங்கலாம். லேசான நடுக்கம் தொல்லையாக இருந்தால் புரோப்ரானலால் என்ற மாத்திரை உண்டு, ஆஸ்துமா இருந்தால் கூடாது. காபியைக் குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் காபியைத் திடீரென்று விட்டாலும் லித்தியம் ஏறும்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை நீங்கள். திடீரென நிறுத்தியவர்களில் பலருக்குச் சில மாதங்களுக்குள் நோய் திரும்புகிறது, தற்கொலை அபாயமும் கூடுகிறது. அந்த அபாயத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்கு நிகராக நிரூபிக்கப்பட்ட மருந்து இந்த நோய்க்கு அரிது. மாற்ற வேண்டிய நாள் வந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து மாற்றுவார்கள். மாற்று மருந்துகளான வால்ப்ரோயேட்டுக்கும் குவெட்டியாபினுக்கும் அவற்றுக்கே உரிய தொல்லைகள் உண்டு.

லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் இந்த நான்கையும் ரயில் ஏறும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். இவர் வயதுக்கு லித்தியம் 0.6 முதல் 0.8 வரை இருந்தால் திருப்தி. பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாயில் ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். என்ன பரிசோதனை என்று ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.