ஊரே தவிக்கும் பேரிடர் நேரத்தில் ஆண் பெண் சமத்துவம் பேசுவது அவசியமா?

நிவாரணப் பணியில் இருப்பவர்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் எல்லோருக்கும் சோறும் கூரையும் கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது உங்கள் எண்ணமாக இருக்கலாம். ஆனால் பட்டியல் எழுதும் முதல் நாளிலேயே பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தவள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் அலையை உணராமலே தப்பினார்கள்; படகு வரும் நேரமென்று மீன் எடுக்கக் கரையில் நின்ற பெண்களும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். கடலூரில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு இறந்ததாக ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் 2005-இல் பதிவு செய்திருக்கிறது.

அப்பா இறந்தபின் தலைச்சுமையாக மீன் விற்று எங்களை வளர்த்தவர் என் அம்மா. எங்கள் ஊரில், ஊர்ப் பஞ்சாயத்துக்கு வரி கட்டும் ஆண்தான் ஊர்க்கணக்கில் ஒரு குடும்பம். வந்த பொருளெல்லாம் அந்தக் கணக்குப்படியே பங்கிடப்பட்டதால் விதவைகளின் வீடுகள் விடுபட்டன. இழப்பு எழுத வந்தவர்களின் தாளில் கட்டுமரம், ஃபைபர் படகு, இன்ஜின், வலை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அம்மாவின் அன்னக்கூடை, தராசு, ஐஸ் பெட்டி, கருவாடு காயப்போடும் பாய், காலையில் வட்டிக்கு வாங்கி மாலையில் திருப்பும் முதல் பணம் ஆகியவற்றை எழுத அதில் ஒரு வரிகூட இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தைத் தூற்றுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிணங்களை அடக்கம் செய்ததும் முகாமில் ஒழுங்கு காத்ததும் அவர்கள்தான். அதற்காக விடுபட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறவும் செய்தது. புதுக் குடியிருப்பு கரையைவிட்டுத் தள்ளிப் போனது, மீன் கூடையோடு ஏறினால் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். குழுவாகச் சேர்ந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாடகை வண்டி பிடித்தார்கள், மீன் ஏலத்திலும் சேர்ந்தே கேட்டார்கள். புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டுமென்று அரசு 2005-இல் ஆணையிட்டது. குடித்துவிட்டு வீட்டை விற்கத் துணிந்தவர்கள்கூட மனைவியின் கையெழுத்துக்காகத் தயங்கியதை என் தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

ஆகவே கணக்கெடுக்கப் போகும்போது வீட்டுத் தலைவர் யாரென்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தார்கள், எந்தக் கருவியை இழந்தார்கள் என்று பெண்களிடமும் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.