எறும்பும் நாமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நம்மைவிடப் பல இலட்சம் ஆண்டுகள் முன்னேறிய வேற்றுக்கிரகவாசிகள் இருந்தால், அவர்களுக்கு நாம் எறும்பு மாதிரிதானே? எறும்பிடம் யாராவது பேச்சுக் கொடுப்பார்களா? நம்மை அவர்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்?

கு., பட்டர்வொர்த்

அன்புள்ள கு.,

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். அதில் கெரெங்கா எறும்பு (முசுறு என்பார்களே, அதுதான்) கூடு கட்டுகிறது. ஒரு வரிசை இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் தன் புழுக்களை வாயில் கவ்விவந்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டும். கடி வாங்கிக்கொண்டே அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஆயுள் முழுக்க எறும்புகளை ஆராய்ந்தார். பேச்சுக் கொடுக்கவில்லை, சரி. பொருட்படுத்தவில்லை என்று சொல்லிவிட முடியுமா?

வேற்றுக்கிரகவாசிகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வால்நட்சத்திரங்களிலேயே உறைந்து கிடக்கிறது. இயற்பியலையும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைட்ரஜன் அங்கேயும் ஹைட்ரஜன்தான். ஆனால் இந்தப் பூமியில் உயிர் வளர்ந்து வந்த வழியை எந்தச் சூத்திரத்தை வைத்தும் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. வந்து பார்த்தால்தான் உண்டு. அறிவு என்றால் அதில் ஆர்வமும் சேர்ந்தே இருக்கும் என்று நம்புகிறவன் நான்.

அப்புறம் ஏன் யாரும் வரவில்லை என்பீர்கள். நம் வானொலி அலைகள் புறப்பட்டு நூற்றுச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. பால்வெளியின் குறுக்களவோ சுமார் 1,00,000 ஒளியாண்டுகள். சேதியே இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆயர் ஈத்தாமில் நான் போகும் கோப்பிக்கடைச் சீன அக்கா, காலையில் என்னைக் கண்டதும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தமிழ் இல்லை; அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பினாங்கு ஹொக்கியனுக்கு மிக நெருங்கிய அமோய் மொழி இருக்கிறது. அந்தக் குரலும் விண்வெளி நண்பர்களை அதையேதான் கேட்கிறது: சாப்பிட்டாச்சா? நேரமிருந்தால் எங்களிடம் வந்து கொஞ்சம் உட்காருங்கள்.

தட்டைக் கண்டெடுப்பவருக்கு அந்த ஒரு வரி மட்டும் விளங்கினால் போதும், ஒரு நடை வந்து பார்க்கத் தோன்றாதா?